நுரையீரல் மாற்றிய பிறகு மூச்சுக்குழாய் சுருங்குவது ஏன்? ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடுமா?

உங்கள் அண்ணனுக்கு இரண்டு நுரையீரலும் மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. வலது பக்கம் தையல் போட்ட இடத்துக்குக் கீழே மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது. இரண்டு முறை பலூன் வைத்து விரித்தார்கள், மூன்று நான்கு வாரத்தில் மறுபடி பழையபடி ஆகிவிட்டது. இப்போது ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்தபடி தாங்கிப் பிடிக்கும் சிறு குழல், வைக்கலாம் என்கிறார்கள், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னும் இரண்டு இருக்கின்றன. உடம்பு புது நுரையீரலை நிராகரிக்கிறதா? ஆபரேஷனில் ஏதாவது தவறு நடந்ததா? முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பெரும்பாலும் நிராகரிப்பு அல்ல. சுருக்கம் வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தவறு நடந்ததாகச் சொல்ல முடியாது. ஸ்டென்ட் நியாயமான அடுத்த படிதான். ஆனால் எந்த வகை, எந்த இடத்தில், எப்போது எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். அண்ணனுடைய சி.டி. படத்தையும் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) வீடியோவையும் பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே அவருக்கு இதுதான் செய்ய வேண்டும் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். டாக்டர் சொல்வது உங்களுக்குப் புரியவும், சரியான கேள்வியைக் கேட்கவும் தேவையானதைச் சொல்கிறேன்.

நுரையீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரல் தமனி வழியாக வரும் ரத்தம் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்வதற்காக வருவது. மூச்சுக்குழாயின் சுவருக்கும் அதன் குருத்தெலும்புக்கும் உணவூட்டுவது வேறு ரத்தம். மகாதமனியிலிருந்து பிரியும் மெல்லிய மூச்சுக்குழாய்த் தமனிகள்தான் அதைக் கொண்டுவருகின்றன. மாற்று அறுவை சிகிச்சையில் ஒவ்வொரு பக்கமும் மூன்று இணைப்புகள் போடுவார்கள்: மூச்சுக்குழாய், நுரையீரல் தமனி, இதயத்தின் இடது மேலறையோடு சேரும் சிரைகள். மூச்சுக்குழாய்த் தமனிகளை வழக்கமாக இணைப்பதில்லை. சிறுநீரகம், கல்லீரல், இதயம் எதுவானாலும் அந்த உறுப்பை வாழவைக்கும் தமனியை இணைத்துத்தான் ரத்தத்தைத் திறந்துவிடுகிறார்கள். நுரையீரலில் மட்டும் அது விடுபடுகிறது. அந்தத் தமனிகளையும் இணைக்கும் நுட்பம் இருக்கிறது, சில மையங்கள் செய்தும் காட்டியிருக்கின்றன. ஆனால் குழாய்கள் மிகச் சிறியவை, நேரமும் கூடும். அதனால் அது பரவவில்லை.

விளைவு என்னவென்றால், தானம் கொடுத்தவரின் மூச்சுக்குழாய் முனை முதல் இரண்டு முதல் நான்கு வாரம் அரைப்பட்டினியில் கிடக்கிறது. நுரையீரல் தமனியிலிருந்து பின்பக்கமாக ஊறி வரும், அழுத்தமும் ஆக்சிஜனும் குறைந்த ரத்தம்தான் அதற்கு ஆதாரம். பெறுபவரின் பக்கத்திலிருந்து புது நுண்குழாய்கள் தையலைத் தாண்டி வளர்ந்து வந்த பிறகுதான் நிலைமை சீராகும். அந்த வாரங்களில் ரத்த அழுத்தம் தாழ்ந்தாலும், புது நுரையீரல் வீங்கி நீர் கோத்துக்கொண்டாலும், வென்டிலேட்டரில் அதிக அழுத்தத்தோடு நீண்ட நாள் இருக்க நேர்ந்தாலும், தையலில் பூஞ்சையோ கிருமியோ பிடித்தாலும் அந்த மெல்லிய ஓட்டமும் குறையும். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உடல் அளவு பொருந்தாமல் இரு குழாய்களின் விட்டம் வேறுபட்டாலும் சிக்கல் கூடும். இவற்றில் பலவும் அறுவை செய்தவரின் கையில் இல்லாதவை. எல்லாம் ஒழுங்காக நடந்த நோயாளிகளுக்கும் சுருக்கம் வருவதுண்டு. அதனால்தான் தவறு என்ற சொல்லை நான் தவிர்க்கிறேன்.

இந்தத் துறையின் வரலாறே இந்த இணைப்போடு மல்லுக்கட்டிய வரலாறுதான். 1963-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதல் முறையாக மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். அந்த நோயாளி 18 நாள் வாழ்ந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் உலகம் முழுவதும் செய்த சில டஜன் முயற்சிகளில் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. மூச்சுக்குழாய்த் தையல் பிரிந்துபோனது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 1983-இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழுவினர்தான் நீடித்து வாழ்ந்த முதல் வெற்றியைக் கண்டார்கள். வயிற்றிலிருந்து கொழுப்புத்திரையை மேலே இழுத்துத் தையலைச் சுற்றிப் போர்த்தி, அதன் ரத்தத்தைக் கொண்டு ஊட்டம் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலான மையங்களில் அது தேவைப்படுவதில்லை. பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு எளிய விஷயம்: கொடுத்தவரின் மூச்சுக்குழாயை மேல்மடல் கிளை பிரியும் இடத்துக்கு ஒன்றிரண்டு குருத்தெலும்பு வளையம் முன்னால் வரை குட்டையாக வெட்டிவிடுவது. பட்டினி கிடக்கும் நீளம் குறைந்தால் அழுகும் நீளமும் குறையும். ஒரு குழாயை இன்னொன்றுக்குள் செருகித் தைக்கும் முறையில் சுருக்கம் அதிகம் வந்ததால், முனையோடு முனை வைத்துத் தைப்பதே இப்போது வழக்கம்.

அப்படியும் சிக்கல் முழுக்க ஒழியவில்லை. எத்தனை பேருக்கு வருகிறது என்று பார்த்தால், வெளியான ஆய்வுகளில் எண்ணிக்கை 2 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் வரை பரந்து கிடக்கிறது. எதைச் சிக்கல் என்று கணக்கிடுவது என்பதிலேயே மையத்துக்கு மையம் வேறுபாடு இருந்தது. சிலர் நோயாளிகளை எண்ணினார்கள், சிலர் தையல்களை எண்ணினார்கள். 2018-இல்தான் சர்வதேச இதய, நுரையீரல் மாற்றுச் சங்கம் பொதுவான வரையறைகளை வெளியிட்டது. ஆகவே எங்காவது ஒரே ஒரு சதவீதத்தைப் படித்துவிட்டு அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முதல் சில வாரங்களில் வருபவை திசு வெளுத்து அழுகுவதும் தையல் பிரிவதும். அதில் உயிராபத்து உண்டு. உங்கள் அண்ணன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். நாள்பட வருபவை மூன்று: சுருக்கம், சதை வளர்ந்து குழாயை அடைப்பது, சுவர் வலுவிழந்து மூச்சு விடும்போது உள்ளே மடிவது. இவற்றில் அதிகம் காண்பது சுருக்கம்தான், அதுவும் வழக்கமாக இரண்டாவது மாதத்திலிருந்து ஒன்பதாவது மாதத்துக்குள். ஐந்தாம் மாதம் என்பது அதற்குரிய காலம்தான். ஆறும் புண்ணில் தழும்பு விழுகிறது. தழும்பு வளையமாக விழுந்தால் சுருக்குப்பையின் வாயை இழுத்தது போலக் குழாய் குறுகுகிறது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய சொல் "தையலுக்குக் கீழே" என்பது. தையல் இடத்திலேயே வரும் சுருக்கம் ஒரு வகை. தையலைத் தாண்டி, கொடுத்தவரின் குழாய்க்குள்ளேயே கீழே வருவது இன்னொரு வகை. வலது நுரையீரலில் மேல்மடலுக்கான கிளை பிரிந்த பிறகு நடுமடலுக்கும் கீழ்மடலுக்கும் சேர்த்து ஓடும் ஒரு பொதுக்குழாய் உண்டு, இடைக்குழாய் என்று சொல்லலாம். இரண்டாவது வகை அதிகம் தாக்குவது அதைத்தான். இந்த வகை பலூனுக்கு எளிதில் பணிவதில்லை. திரும்பத் திரும்பச் சுருங்கும். மிகச் சிலருக்கு, சுமார் 2 சதவீதத்தினருக்கு, இடைக்குழாய் முழுக்க மூடியே போய்விடுகிறது. அந்த நிலை நல்லதல்ல, ஆயுளையும் பாதிக்கிறது. அண்ணனுக்கு அப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு முறை விரித்தும் நிற்கவில்லை என்றால் இன்னும் பல மாதம் காத்திருக்காமல் அடுத்த படிக்குப் போவதற்கு இதுதான் காரணம்.

அடுத்து நிராகரிப்பு. நாள்பட்ட நிராகரிப்பில் சேதமாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய மூச்சுக்குழல்கள். பிராங்கோஸ்கோபியில் பார்த்தால் பெரிய குழாய்கள் ஒழுங்காகவே இருக்கும், பலூனால் அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. தையல் சுருக்கமோ கண் முன்னால் தெரியும், அளக்கலாம், விரிக்கலாம். இரண்டிலும் ஸ்பைரோமெட்ரியில் (ஊதி மூச்சை அளக்கும் பரிசோதனை) எஃப்.இ.வி.1, அதாவது முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, குறையும். அதனால்தான் குழப்பம் வருகிறது. அறுவைக்குப் பின் கிடைத்த சிறந்த இரண்டு அளவுகளின் சராசரியிலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து அப்படியே நின்றால் நாள்பட்ட நிராகரிப்பைச் சந்தேகிப்பார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சூட்டும் முன் சுருக்கம் போன்ற இயந்திரக் காரணங்களை விலக்கியாக வேண்டும் என்பது விதி. உங்கள் அண்ணன் விஷயத்தில் காரணம் கண்ணுக்கே தெரிந்திருக்கிறது. ஐந்து மாதம் என்பது நாள்பட்ட நிராகரிப்புக்குப் பொதுவாகச் சீக்கிரம். கடும் நிராகரிப்பு இந்தக் காலத்தில் வரலாம். அது திசுப் பரிசோதனையில் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் முடியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "விரித்த மறுவாரம் ஊதும் அளவு எவ்வளவு ஏறியது?" நன்றாக ஏறி, பிறகு இறங்கியிருந்தால் குற்றவாளி சுருக்கம்தான். குழாய் திறந்திருந்தும் அளவு ஏறவில்லை என்றால் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

இரண்டு நுரையீரலும் மாற்றியவர்களுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு பக்கம் சுருங்கினாலும் மறுபக்கம் ஈடுகொடுப்பதால் ஊதும் அளவு ஆரம்பத்தில் அதிகம் குறையாது. ஒரே பக்கம் கேட்கும் இழைப்பு, வெளியே வராமல் ஒட்டிக்கொள்ளும் சளி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியா இவைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சுவர் மடிகிறதா என்று பார்க்க மூச்சை இழுத்த நிலையிலும் விட்ட நிலையிலும் சி.டி. எடுக்க வேண்டும். மூச்சு விடும்போது குழாய் பாதிக்கு மேல் ஒடுங்கினால் அது வலுவிழந்த சுவர். தழும்புச் சுருக்கம் இரண்டு நிலையிலும் ஒரே அளவு இருக்கும். இந்த வேறுபாடு முக்கியம். வலுவிழந்த சுவரைப் பலூனால் விரித்துப் பயனில்லை. அதற்குச் சளி நீக்கும் சிகிச்சை, இரவில் முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுப்பது, தேவைப்பட்டால் ஸ்டென்ட் என்று வழி வேறு.

பலூன் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள் என்றால், சுருங்கிய பலூனைக் குறுகலுக்குள் செலுத்தி உப்புநீரால் நிரப்பி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடித்து வைப்பார்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கத்துக்குக் காற்று போகாது, ஆக்சிஜன் அளவு இறங்கலாம். 8 மில்லிமீட்டர், 10, 12 என்று படிப்படியாகப் பெரிதாக்குவார்கள். ஒரேயடியாகப் பெரிய பலூன் போட்டால் குழாய் கிழியும். கிழிந்த இடத்தில் விழும் புதுத் தழும்பு சுருக்கத்தை இன்னும் மோசமாக்கும். கெட்டியான வளையமாக இருந்தால் மின்கத்தியாலோ லேசராலோ இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட்டுப் பிறகு விரிப்பார்கள். அப்போது கொடுக்கும் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. வளர்ந்த சதையை உறையவைத்து எடுப்பதும் உண்டு. தழும்பு வளர்வதைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தைத் தடவுவதும் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் பல இடங்களில் நடக்கின்றன. பலன் உண்டு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஆதாரம் வலுவாக இல்லை. சிலருக்கு இரண்டு மூன்று முறை விரித்ததோடு நின்றுவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும். விரித்தது எத்தனை நாள் தாங்குகிறது என்பதைக் குறித்து வையுங்கள். இடைவெளி மூன்று வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என்று நீண்டால் தழும்பு முதிர்ந்து அடங்குகிறது என்று பொருள். நீளவே இல்லையென்றால் ஸ்டென்ட்.

ஸ்டென்ட்டில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். சிலிக்கான் ஸ்டென்ட், பிரான்ஸின் மார்செய்யில் டூமோன் 1990-இல் கொண்டுவந்த வடிவம், இன்றும் இந்த வேலைக்கு முதல் தேர்வு. வாய் வழியாக உலோகக் குழல் செலுத்தி, முழு மயக்கத்தில்தான் வைக்க முடியும். ஆனால் வேண்டும்போது எடுக்கலாம், மாற்றலாம், ஓட்டை போட்டு வடிவமைக்கலாம். உலோக வலை ஸ்டென்ட்டை வைப்பது எளிது. எடுப்பதுதான் கடினம். வலைக்குள் சதை வளர்ந்து பிணைந்துகொள்ளும், கம்பி முறியும். புற்றுநோயல்லாத மூச்சுக்குழாய்ச் சுருக்கத்துக்கு மற்ற வழிகளை எல்லாம் பார்த்த பிறகே உலோக ஸ்டென்ட் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரித்தது. தையல் பிரிந்தவர்களுக்கு உறையில்லாத உலோக ஸ்டென்ட்டைச் சில வாரம் மட்டும் வைத்து எடுப்பது உண்டு. அங்கே சதை வளரத் தூண்டுவதே நோக்கம். உங்கள் அண்ணனுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. மூன்றாவது, மூன்று நான்கு மாதத்தில் தானே கரையும் பாலிடயாக்சனோன் ஸ்டென்ட். எடுக்க வேண்டியதில்லை என்பது நல்லது, கரைந்த பிறகு மறுபடி சுருங்கினால் இன்னொன்று வைக்க வேண்டியிருக்கும். எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை.

வலது பக்கத்தில் இடம் நெருக்கடி. முக்கியக்குழாய் தொடங்கி ஒன்றரை இரண்டு சென்டிமீட்டரிலேயே மேல்மடல் கிளை பிரிந்துவிடும். அங்கே ஸ்டென்ட் வைத்தால் அந்த வாய் மூடும். அதற்கென்று ஸ்டென்ட்டின் பக்கவாட்டில் ஓட்டை வெட்ட வேண்டும். இடைக்குழாய் குட்டையானது. கீழ்முனை கொஞ்சம் நீண்டாலும் நடுமடல் வாயோ கீழ்மடலின் மேல்பகுதிக்கான வாயோ அடைபடும், ரொம்பக் குட்டையாக இருந்தால் ஸ்டென்ட் நகரும். அதனால்தான் அனுபவமுள்ள கை தேவை. இத்தகைய ஸ்டென்ட்டை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

ஸ்டென்ட் வைத்த அன்றே பலருக்கு மூச்சு இலகுவாகிவிடும். அதனால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள்தான் சளியை மேலே தள்ளுகின்றன. ஸ்டென்ட்டுக்குள் அவை கிடையாது. சளி அங்கேயே தேங்கிக் காய்ந்து அடைக்கும். ஆகவே மருத்துவமனையில் எழுதிக்கொடுக்கும் நெபுலைசரை, பெரும்பாலும் சால்பியூட்டமாலும் அதன் பின் 3 சதவீத உப்புநீரும், தினம் இரண்டு வேளை தவறாமல் எடுக்க வேண்டும். மூச்சு நன்றாக இருக்கிற நாளிலும்தான். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்று சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துச் சொல்வார்கள். முதல் சில வாரங்களில் ஒரு முறையும் பிறகு குறித்த இடைவெளியிலும் பிராங்கோஸ்கோபி பார்ப்பார்கள். முனைகளில் சதை வளர்வது, கிருமி படிவது, நாற்றமுள்ள சளி, ஸ்டென்ட் நகர்வது எல்லாம் சாதாரணமாக வரும் தொல்லைகள்தான், சமாளிக்கக்கூடியவை. திடீரென்று மூச்சுத் திணறல், கூடவே இருமலின் ஒலி மாறுவது என்றால் ஸ்டென்ட் நகர்ந்ததாகவோ அடைத்ததாகவோ எண்ணி உடனே கிளம்ப வேண்டும். எத்தனை மாதம் வைத்திருப்பது என்பதற்கு ஒரே பதில் இல்லை. தழும்பு முதிரப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். பிறகு எடுத்துப் பார்த்து, குழாய் நின்றால் விட்டுவிடுவார்கள்.

மருந்துகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். தையலில் பூஞ்சை இருந்தால் வோரிகோனசோல் போன்ற மருந்து தருவார்கள். அது நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றும். தொடங்கும்போது டாக்ரோலிமஸைக் குறைத்து, நிறுத்தும்போது மறுபடி கூட்டி, இரண்டு சமயத்திலும் ரத்த அளவு பார்க்காவிட்டால் சிறுநீரகமோ நுரையீரலோ அடிபடும். ஊருக்குப் போய் அங்கே யாராவது பூஞ்சை மருந்தையோ கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கையோ எழுதினாலும் இதே கதைதான். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சைரோலிமஸ் புண் ஆறுவதைக் கெடுக்கும். நுரையீரல் மாற்றியவர்களுக்கு ஆரம்ப நாளில் கொடுத்துத் தையல் பிரிந்து உயிர்போன அனுபவம் இருப்பதால், தையல் முழுக்க ஆறியதைப் பார்க்காமல் தொடங்குவதில்லை. மூன்றாவது, கஷாயம், லேகியம், பம்பளிமாஸ் பழம். நல்லெண்ணத்தில் உறவுக்காரர்கள் கொடுப்பவை டாக்ரோலிமஸ் அளவை எந்தப் பக்கமும் தள்ளிவிடலாம். டாக்டரிடம் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் கையடக்க ஸ்பைரோமீட்டர் இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் மூன்று முறை ஊதி, அதிகபட்ச அளவை நோட்டில் எழுதுங்கள். 10 சதவீதம் குறைந்து இரண்டு நாள் அப்படியே இருந்தால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மாற்றுக் குழுவுக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல், சளியின் நிறம் மாறுவது இரண்டுக்கும் அதுவே. இருமலில் கோடு போல ரத்தம் வருவது பிராங்கோஸ்கோபி செய்த ஓரிரு நாளில் சகஜம். மற்ற சமயத்தில் வந்தாலோ, ஒரு ஸ்பூனுக்கு மேல் வந்தாலோ அவசரப் பிரிவு. மூச்சுக்குழாய்க்கும் பக்கத்து ரத்தக்குழாய்க்கும் இடையில் துளை விழுவது மிக அரிது, ஆனால் வந்தால் நேரம் கொடுக்காது.

ஸ்டென்ட்டும் தோற்றால் வழியே இல்லையா என்ற கேள்வியும் வரும். உண்டு. சுருங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு இணைப்பது, சேதமான மடலை அகற்றுவது, கடைசியாக மறுபடி நுரையீரல் மாற்றுவது. இவை எல்லாமே மிகச் சிலருக்குத்தான் தேவைப்படுகின்றன, தேர்ந்த மையத்தில் மட்டுமே செய்ய வேண்டியவை. பெரும்பாலானவர்கள் பலூனையும் ஸ்டென்ட்டையும் வைத்தே ஓட்டிவிடுகிறார்கள். இப்படிச் சுருக்கம் வந்து சரிசெய்தவர்களின் ஆயுள் மற்றவர்களைவிடக் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் வேறுபாடு இல்லை, சிலவற்றில் உண்டு. மருத்துவமனைக்கு அலைவதும் செலவும் கூடும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: சுருக்கம் தையலிலா, இடைக்குழாயிலா, இப்போது எத்தனை மில்லிமீட்டர் திறந்திருக்கிறது, சுருக்கத்துக்குக் கீழே உள்ள கிளைகள் திறந்திருக்கின்றனவா, அங்கே பூஞ்சை வளர்ந்திருக்கிறதா, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) என்ன சொல்கிறது, எந்த ஸ்டென்ட், எந்த அளவு, எப்போது எடுக்கத் திட்டம், இரவில் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது. கீழே உள்ள கிளைகளும் மூடியிருந்தால் மேலே ஸ்டென்ட் வைத்துப் பெரிய பலன் இருக்காது, ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வீடு மருத்துவமனையிலிருந்து நான்கைந்து மணி நேரப் பயணம் என்றால் ஸ்டென்ட் வைத்த முதல் இரண்டு வாரம் பக்கத்திலேயே தங்குங்கள். ஸ்டென்ட்டின் வகை, அளவு, வைத்த தேதி, இடம் எழுதிய அட்டை ஒன்று அண்ணனின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். வேறு மருத்துவமனையில் அவசரத்துக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட நேர்ந்தால், உள்ளே ஸ்டென்ட் இருப்பது தெரியாதவர்கள் அதைக் கீழே தள்ளிவிடக்கூடும்.